கேற்றடியில் நின்ற கம்பஸ் வான்

சண்டிலிப்பாய்ப் பக்கம் யாருடைய பிள்ளைக்காவது தூரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், வீட்டார் முதலில் பிள்ளையாருக்குத் தேங்காய் வைப்பார்கள். அடுத்ததாகப் பஞ்சலிங்கத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். சில வீடுகளில் இந்த ஒழுங்கு மாறியும் நடந்ததுண்டு. பிள்ளையார் கோபித்ததாகத் தகவல் இல்லை.

பஞ்சலிங்கம் வான் ஓட்டுகிறவன். வருடத்தில் பத்து மாதம் அந்த வெள்ளை ஹயஸ் கல்யாண வீடு, ஆசுபத்திரி, விமான நிலையம் என்று ஓடும். புது மாணவர்கள் பதியும் காலம் வந்தால் அது கம்பஸ் வான். மாத்தறை, பதுளை, பெலிகுலோயா, ஒலுவில் என்று பதினான்கு வருடமாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பெட்டி படுக்கையோடும் மிளகாய்த்தூள் போத்தலோடும் அழுகிற தாய்மாரோடும் கொண்டுபோய் இறக்குகிறவன் அவன்தான். வானை மிகவும் ஒழுங்காக வைத்திருப்பான். நிறுத்தும்போது அரை அடி கோணலாக நின்றால்கூட அவனுக்குச் சோறு இறங்காது. எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் மறுபடி சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருப்பான்.

நான் அவனுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். பெயர் குணலட்சுமி, உபதபால் கந்தோரில் வேலை. முப்பது வருடமாகக் கடித உறைகளை ஒட்டுகிறேன், என் வாயை மட்டும் இன்னும் ஒட்டத் தெரியவில்லை என்பது என் வீட்டுக்காரரின் முறைப்பாடு. ஆகவே இந்தக் கதையை நான் சொல்வதில் யாருக்கும் ஆச்சரியம் இராது.

பஞ்சலிங்கம் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன். தகப்பனுடைய வெங்காயத் தோட்டத்தில் கொஞ்சக் காலம் நின்றான். சண்டை ஓய்ந்து தெற்கே போகிற பாதை திறந்த பிறகு, சுன்னாகம் சந்தையில் ஏற்றும் வெங்காய மூட்டைகளைத் தம்புள்ளைக்குக் கொண்டுபோகும் லொறியில் ஏறினான். சிங்களம் படித்தது அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான். அதனால் விலை பேசுகிற சிங்களம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு, மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் வரும். பிறகு கலியாணம் கட்டி, உதயகலாவின் நகையையும் தன் சேமிப்பையும் சேர்த்து வானை வாங்கினான்.

கம்பஸ் உள்ளே எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு வளாகத்துக்குள்ளும் அவன் காலடி வைத்ததில்லை. பிள்ளையையும் பெற்றாரையும் வாசலில் இறக்குவான், பெட்டிகளைக் கேற்வரை தூக்கிக் கொடுப்பான், திரும்பிவந்து வானுக்குள் இருந்துவிடுவான். ஏன் என்று கேட்டால், "கணிதம் பாசாகாதவனுக்கு உள்ளுக்கு என்ன வேலை அக்கா" என்பான். பகிடிபோலத்தான் சொல்வான். ஆனால் அது பகிடி இல்லை.

உள்ளே போகாவிட்டாலும் வாசலில் நின்றே அவன் நிறையப் பார்த்துவிட்டான். காவலாளிகளோடு கதைப்பான், தேத்தண்ணிக் கடைக்காரரோடு கதைப்பான், இரண்டாம் வருடம் மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளைகளைப் பிடித்து விசாரிப்பான். எந்த விடுதியில் தண்ணீர் வராது, எந்த விரிவுரையாளர் பிள்ளைகளின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார், எந்தப் படிப்பு முடித்தவன் இப்போது என்ன செய்கிறான் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் விண்ணப்பத்தோடு அவன் வீட்டு முற்றத்துக்கு வருவது அதனால்தான்.

எங்கள் ஊரில் விண்ணப்பம் நிரப்புகிற வழக்கம் ஒன்று உண்டு. விருப்ப ஒழுங்கு என்று கேட்ட இடத்தில், போன வருட வெட்டுப்புள்ளிகளைப் பார்த்து, கூடிய புள்ளி முதலாவது, அடுத்தது இரண்டாவது என்று மேலிருந்து கீழே எழுதிவிடுவார்கள். பிள்ளைக்கு என்ன விருப்பம் என்று யாரும் கேட்பதில்லை. பஞ்சலிங்கம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உன்ரை விருப்பமோ, ஊரின்ரை விருப்பமோ?" என்று கேட்பான். பாதிப் பிள்ளைகள் தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். மறுநாள் வேறு ஒழுங்கோடு வரும்.

என் மகன் லக்ஷன் மாத்தறையில் மீன்வளம் படிக்கப்போகிறேன் என்று நின்றபோது நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "மீனைப் பற்றிப் படிக்க மாத்தறைக்குப் போகவேணுமோ, காரைநகரிலை கடல் வத்திப்போச்சோ" என்று கத்தினேன். அப்போது பஞ்சலிங்கம் என் வீட்டு வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னான். "அக்கா, பிள்ளையைக் கிட்ட வைச்சிருக்கிறது உங்களுக்கு நல்லது. பிள்ளைக்கு நல்லதோ எண்டு பிள்ளையைத்தான் கேக்கவேணும்." எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு கிழமை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. லக்ஷன் போனான், படித்தான், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். மாதம் ஒருமுறை வந்து, எந்த மீன் எத்தனை முட்டை இடும் என்று சொல்லி என் குழம்புச்சட்டியைக் கெடுக்கிறான்.

பயணத்தின்போது பஞ்சலிங்கத்தின் வானுக்குள்ளேயே ஒரு வகுப்பு நடக்கும். ஓமந்தை தாண்டினால் தொடங்குவான், தம்புள்ளை வருவதற்குள் இருபது சிங்களச் சொல் பாடமாக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்பதுதான் முதலாவது. எனக்குச் சுகமில்லை என்பது இரண்டாவது. பிறகு புத்திமதிகள். சாப்பாட்டுக் கூடத்தில் பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இரு, எங்கடை ஆட்களோடு மட்டும் கட்டிக்கொண்டு திரியாதே. கஷ்டம் வரும்வரை பார்த்திராமல் ஒருநாள் சும்மா போய் விரிவுரையாளரோடு கதை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. முதல் ஆறு கிழமை, அதாவது நாற்பத்திரண்டு நாள், வீட்டுக்கு வரக்கூடாது, வீட்டாரும் போய்ப் பார்க்கக்கூடாது. "முதல் கிழமை ஓடிவந்த பிள்ளை ஒவ்வொரு கிழமையும் ஓடிவரும். ஆறு கிழமை நிண்டால் அது அங்கத்தைப் பிள்ளை" என்பான். தாய்மார் அவனைச் சபிப்பார்கள். நானும் சபித்தவள்தான்.

இந்தப் புத்திமதியெல்லாம் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் அவனுடைய ஒரே மகள் சாருஜா. கணிதப் பிரிவில் படித்தாள். தகப்பன் இரண்டு தரம் விட்டதை மகள் ஒரே தரத்தில் பிடித்துவிட்டாள் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அவளுக்கு நில அளவை படிக்க ஆசை. எங்கள் ஊரில் பாதிச் சண்டை வேலிச் சண்டை, ஆகவே ஆசைக்குக் காரணம் தேடத் தேவையில்லை. அந்தப் படிப்பு பெலிகுலோயாவில் இருந்தது. மலை, குளிர், ஓடுகிற ஆற்றுத் தண்ணீர் என்று பஞ்சலிங்கம் ஊர் முழுக்கப் புகழ்ந்த இடமும் அதுதான்.

பெறுபேறு வந்தது, புள்ளியும் போதுமானதாக இருந்தது. சாருஜா ஒரு கொப்பித் தாளில் தன் விருப்ப ஒழுங்கை எழுதித் தகப்பனிடம் கொடுத்தாள். சுன்னாகம் ஸ்ரேசனுக்குக் கிட்ட உள்ள ஒரு கடையில் இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, கையொப்பமிட்ட பிரதியைப் பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்புவது வழமை. அவள் காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கப் போகிறவள். அதனால் தகப்பன்தான் கடைக்குப் போனான்.

அன்று பதினொரு மணிபோல பஞ்சலிங்கம் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். கையில் மண்ணிறக் கடித உறை. வாய் ஒட்டியிருக்கவில்லை.

"பதிவுத் தபாலோ?" என்றேன்.

"ஓம் அக்கா."

"சாருஜாவின்ரைதானே? முதலாவது பெலிகுலோயா, என்ன?"

அவன் பசைப் போத்தலைப் பார்த்தான். பிறகு சுவர்க் கலண்டரைப் பார்த்தான். எங்கள் கலண்டரில் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

"பஞ்சன், உன்னைத்தான் கேக்கிறன்."

"முதலாவது யாழ்ப்பாணம்" என்றான் மெதுவாக. "பௌதிக விஞ்ஞானம். வீட்டிலை இருந்து பஸ்ஸிலை போய் வரலாம்."

"அது பிள்ளை எழுதினதோ?"

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. கடைக்குப் போகிற வழியில் வானை ஓரத்தில் நிறுத்தி, அந்தக் கொப்பித் தாளில் முதலாவதையும் ஐந்தாவதையும் மாற்றி எழுதியிருக்கிறான். அச்சடித்து, ரியூசன் நடக்கிற இடத்துக்கே போய்க் கடைசிப் பக்கத்தை மட்டும் மகளிடம் நீட்டியிருக்கிறான். அவள் அப்பாவை நம்பிக் கையொப்பம் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பிவிட்டாள். அவளுடைய புள்ளிக்கு யாழ்ப்பாணம் நிச்சயம் கிடைக்கும். முதலாவது கிடைத்தால் மற்றதை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அந்த உறையில் நான் முத்திரை குத்தினால் அவளுடைய நில அளவை அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இவனை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்தேன். தபால் எடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்குச் சட்டமில்லை. உறையை வாங்கித் தராசில் வைத்தேன்.

"நிறுத்துப்போட்டன். முத்திரை குத்த முதல் ஒண்டு சொல்லுறன் கேள். பிள்ளையைக் கிட்ட வைச்சிருக்கிறது உனக்கு நல்லது. பிள்ளைக்கு நல்லதோ எண்டு பிள்ளையைத்தான் கேக்கவேணும். இது ஆர் சொன்னது?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. வரிசையில் நின்ற ஒரு கிழவர் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மேலே விசிறியைப் பார்த்தார்.

"பயமாக்கிடக்கு அக்கா" என்றான் பஞ்சலிங்கம். "பதினாலு வருசமாய் இறக்கிவிட்டுட்டுத் திரும்பி வாற வானை ஓட்டுறன். பின் சீற்றிலை தாய்மார் அழுதுகொண்டு வருவினம். நான் ரேடியோவைக் கூட்டிப்போட்டு ஓட்டுவன். இவளை விட்டுட்டு வரேக்கை நான் எப்பிடி ஓட்டுறது?"

எனக்குக் கோபம் அரைவாசி இறங்கிவிட்டது. மிச்ச அரைவாசியை வைத்துக்கொண்டு உறையைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன். "முடிவுத் திகதிக்கு இன்னும் நாலு நாள் கிடக்கு. அதுவரைக்கும் இணையத்திலை திருத்தலாம். வீட்டை போய்ச் சொல்லு" என்றேன். அவன் உறையை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் என்ன நடந்தது என்று உதயகலா சொல்லித்தான் தெரியும். அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான், முழுதாக. சாருஜா ஒரு சத்தமும் போடவில்லை. இரண்டு நாள் தகப்பனோடு கதைக்கவில்லை. அவன் வானைக் கழுவினான், கழுவிய வானையே மறுபடியும் கழுவினான். மூன்றாம் நாள் அவள் தானே சைக்கிளில் சுன்னாகம் போய், ஒழுங்கைத் திருத்தி, புதிதாக அச்செடுத்து வந்தாள். கையொப்பம் வைத்தபின் எல்லாப் பக்கத்தையும் தகப்பனுக்கு முன்னால் விரித்து, "வாசிச்சுப் பாருங்கோ அப்பா" என்றாளாம். அவன் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தானாம்.

அன்று மத்தியானம் இருவரும் சேர்ந்து கந்தோருக்கு வந்தார்கள். நான் குத்திய முத்திரைகளிலேயே பலமாகக் குத்தியது அதுதான்.

மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. பெலிகுலோயா, நில அளவை. ஊரே பஞ்சலிங்கத்தின் முற்றத்தில் கூடியது. அவன் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தான், தான் மட்டும் ஒன்றும் சாப்பிடவில்லை.

போகிற அன்று உதயகலாவுக்குத் துணையாக என்னையும் வரச் சொன்னார்கள். விடியக் கிளம்பினோம். முறிகண்டியில் எல்லா வாகனமும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத்தான் தெற்கே போகும். அவனுடைய வானிலும் அப்படித்தான், ஆனால் அங்கே அவனுக்கென்று ஒரு சோதனை இருந்தது. தேங்காயைத் தாய் உடைத்தால் பிள்ளை ஓடிவரும், பிள்ளை உடைத்தால் நின்று படிக்கும் என்பது அவன் கணிப்பு. அதனால் எப்போதும் தேங்காயைப் பிள்ளையின் கையில்தான் கொடுப்பான். அன்று வானை விட்டு இறங்கியவன் தேங்காயைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். சாருஜா கையை நீட்டினாள். கொடுத்தான். அவள் ஒரே அடியில் உடைத்தாள். அவன் போய்க் கச்சான் கடலை வாங்கினான், எங்கள் நாலு பேருக்கு எட்டுக் கடதாசிச் சரை.

ஓமந்தை தாண்டியும் அவன் சிங்கள வகுப்பைத் தொடங்கவில்லை. சாருஜாதான் தொடங்கினாள். இருபது சொல்லையும் அவளே ஒப்புவித்தாள், தகப்பன் தலையை ஆட்டிக்கொண்டு ஓட்டினான்.

வழியில் இரவு தங்கிவிட்டு, மறுநாள் வளாக வாசலில் வானை வழமைபோல நேராக நிறுத்தினான். பெட்டிகளைக் கேற்வரை தூக்கிக் கொடுத்தான். "உள்ளை வாங்கோ அப்பா" என்று அவள் கேட்டாள். "அம்மாவும் குணலட்சுமி அக்காவும் வருவினம், நான் வானைப் பாக்கிறன்" என்றான். வானை யாரும் தூக்கிக்கொண்டு போகிற மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் அவன் அசையவில்லை, நாங்கள் மூவரும்தான் உள்ளே போனோம். திரும்பி வரும்போது உதயகலாவும் அழுதாள், நானும் அழுதேன். பஞ்சலிங்கம் ரேடியோவைக் கூட்டினான். கேகாலை தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது விளம்பரம் என்று எனக்குத்தான் தெரியும், அவனுக்குக் காதில் விழுந்திராது.

ஆறு கிழமைச் சட்டம் இப்போது அவன் தலைமேலேயே வந்து இருந்தது. தொலைபேசியில் மட்டும் கதைத்தார்கள். முதல் கிழமை அவள் சாப்பாடு உறைக்கவில்லை என்றாள். இரண்டாம் கிழமை, சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் இருந்த மொனறாகலைப் பிள்ளையோடு சிநேகம் என்றாள். மூன்றாம் கிழமை பஞ்சலிங்கத்துக்குப் பதுளையில் ஒரு கல்யாண வீட்டு ஓட்டம் வந்தது. ஆட்களை மண்டபத்தில் இறக்கியபின் பகல் முழுக்க அவனுக்கு வேலையில்லை. "சும்மா ஒரு சுற்றுப் போட்டுட்டு வந்தனான்" என்று திரும்பிவந்து என்னிடம் சொன்னான். பதுளையிலிருந்து பெலிகுலோயா இரண்டு மணித்தியாலம். சும்மா சுற்றுகிற தூரமா அது என்று நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் வாயை ஒட்டிக்கொண்ட சில தடவைகளில் அதுவும் ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை முருங்கையிலை ஒடிக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது சாருஜா அழைப்பு எடுத்தாள். உதயகலா தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வைத்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பதினொரு மணிபோலை எங்கை நிண்டனீங்கள்?"

"பதுளையிலை. கல்யாண வீடு."

"இல்லை. எங்கடை கேற்றடித் தேத்தண்ணிக் கடையிலை நிண்டனீங்கள். நான் மாடி யன்னலாலை கண்டனான்."

பஞ்சலிங்கம் என்னைப் பார்த்தான், நான் முருங்கையிலையைப் பார்த்தேன்.

"கண்டனியோ? பிறகேன் பிள்ளை இறங்கி வரேல்லை?"

"நீங்கள் ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"ஆறு கிழமை முடியேல்லையே."

"அதுதான் நானும் வரேல்லை. வந்திருந்தால் வானிலை ஏறியிருப்பன் அப்பா. நீங்கள் ரெண்டு தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

பஞ்சலிங்கத்துக்குக் கண்ணைத் துடைக்கிறதற்குக்கூட நினைவு வரவில்லை, அப்படியே சிரித்துக்கொண்டு நின்றான். உதயகலாதான் தொலைபேசியை வாங்கி, சாப்பிட்டியோ என்று கேட்டாள்.

"ஆறு கிழமை முடியட்டும்" என்றாள் சாருஜா கடைசியில். "நான் வரேல்லை, நீங்கள் வாங்கோ. உள்ளை வாங்கோ. ஒண்டு காட்டவேணும்."

நாற்பத்துமூன்றாம் நாள் போனோம். பஞ்சலிங்கம் புதிதாகத் தைத்த நீளக்காற்சட்டை போட்டிருந்தான், முகம் இரண்டு தரம் மழித்திருந்தான். கேற்றடிக்கு வந்ததும் சாருஜா ஓடிவந்தாள். அவன் அவசரத்தில் வானை நிறுத்தி இறங்கினான். மறுபடி கதவைத் திறந்து ஏறப்போனவனை அவள் கையில் பிடித்துக்கொண்டாள். காவலாளி அவனை நன்றாகத் தெரிந்தவர். பதினான்கு வருடமும் வெளியே கண்ட ஆளுக்கு ஒரு சல்யூட் அடித்து உள்ளே விட்டார்.

புல்வெளியில் மூன்று கால் தாங்கியொன்றில் அளவைக் கருவி பூட்டியிருந்தது. ஆய்வுகூடத்தில் கேட்டு, அனுமதி வாங்கி, அவளே நிறுத்தி வைத்திருந்தாள். திருகாணிகளைச் சரிபார்த்து, கருவியைக் கேற்றடிப் பக்கம் திருப்பி, "இப்ப பாருங்கோ" என்றாள். பஞ்சலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"என்ன தெரியுது அப்பா?"

அவன் கண்ணை இன்னும் கிட்டக் கொண்டுபோனான்.

"எங்கடை வான்" என்றான். "வானைக் கோணலாய் விட்டுட்டு வந்திருக்கிறன்."

அன்று பின்னேரம்வரை அவன் அதை நேராக்கப் போகவில்லை.